நாய், பூனைக்கும் புற்றுநோய் வருமா?

தோட்டத்து லயங்களில் நாயில்லாத வீடு குறைவு. விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் நடந்து, புதரில் பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டி, வேலை முடியும்வரை மரத்தடியில் காத்துக் கிடந்த நாய்களைப் பற்றி நம் பெரியவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். பால்மரக் காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிய பிறகும், எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் குடியேறிய பிறகும் இந்த உறவு அறுந்துவிடவில்லை. வாசலில் ஒரு நாய், அடுப்படியில் ஒரு பூனை என்பது இன்றும் நம் வீடுகளில் சகஜமான காட்சிதான்.

அந்த நாய்க்கு ஒரு நாள் உடம்பில் கட்டி புறப்படுகிறது. சில வாரங்களில் அது பெருத்து, புண்ணாகி, ரத்தம் கசிகிறது. ஈ மொய்க்கிறது, நாற்றம் எடுக்கிறது. "இது புற்று. இனிமேல் பிழைக்காது" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு நடப்பது என்ன? ஒரு சாக்குப் பை, ஒரு மோட்டார் சைக்கிள், ஐந்தாறு கட்டை தள்ளி ஒரு செம்பனைக் காடு. நாயை அங்கே இறக்கிவிட்டு, தொல்லை விட்டது என்று திரும்பிவிடுகிறார்கள்.

தொல்லை விட்டதா? இல்லை. நம் பக்கத்து நாய்களுக்கு வரும் புற்றுக்கட்டிகளில் ஒன்று, சில வார ஊசியிலேயே பெரும்பாலும் முற்றாகக் குணமாகக் கூடியது. அதே கட்டி, கொண்டுபோய் விட்ட இடத்திலுள்ள மற்ற நாய்களுக்கும் தொற்றக் கூடியது! குணமாகக் கூடிய ஒரு பிராணியைச் சாகவிட்டு, நோயையும் ஊர் ஊராக நாமே பரப்புகிறோம். ஆகவே புற்று என்றால் என்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எதைக் குணப்படுத்த முடியும், எதைக் குணப்படுத்த முடியாது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கட்டி எல்லாம் புற்றா?

நம் உடம்பைப் போலவே நாயின் உடம்பும் கோடானுகோடி நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. பழையன கழிந்து புதியன தோன்றுவது ஒரு கணக்கோடு நடக்கிறது. ஏதோ ஓர் உயிரணு அந்தக் கணக்கை மீறிப் பெருகத் தொடங்கினால் கட்டி உண்டாகிறது.

எல்லாக் கட்டியும் புற்றல்ல. சீழ்க்கட்டி உண்டு, கொழுப்புக் கட்டி உண்டு, ஒரே இடத்தில் பேசாமல் இருக்கும் சாதுக் கட்டியும் உண்டு. புற்றுக்கட்டியோ லாலான் புல்லைப் போன்றது. மேலே அறுத்தாலும் மண்ணுக்குள் வேர் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் நுரையீரல், ஈரல் போன்ற உறுப்புகளுக்குப் போய் அங்கேயும் முளைக்கும். எது சாது, எது புற்று என்பதைக் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள மருத்துவர்கூடச் சோதனை செய்து பார்த்துத்தான் சொல்வார்.

நாய்க்கு நாய் ஒட்டும் புற்று

மனிதருக்கு வரும் புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டுவதில்லை. ஆனால் நாய்களிடையே ஒட்டிப் பரவும் புற்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இனச்சேர்க்கையின் போது பரவுவதால் அதைப் பால்வழிப் பரவும் புற்றுக்கட்டி என்கிறார்கள். நக்குவதாலும் முகர்வதாலும் கடிப்பதாலும் மூக்கு, வாய், கண் ஆகிய இடங்களிலும் வரலாம். தெருநாய்கள் கட்டுப்பாடின்றித் திரியும் வெப்ப நாடுகளில் இது மிகுதி. மலேசியாவும் தமிழ்நாடும் இதற்கு விலக்கல்ல.

இதில் ஓர் அதிசயம் உண்டு. இந்த நோயைப் பரப்புவது கிருமியன்று. புற்றின் உயிரணுவே ஒரு நாயின் உடம்பிலிருந்து இன்னொரு நாயின் உடம்புக்குக் குடிபெயர்கிறது. 1876-ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நோவின்ஸ்கி என்ற கால்நடை மருத்துவர், நோயுற்ற நாயின் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வேறு நாய்க்குட்டியின் உடம்பில் வைத்தார். அங்கேயும் கட்டி வளர்ந்தது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான நிகழ்ச்சி.

2019-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, 43 நாடுகளிலிருந்து திரட்டிய 546 கட்டிகளைச் சோதித்தது. அத்தனையும், சுமார் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உயிரணுவிலிருந்து வழிவழியாக வந்தவை என்று தெரிந்தது. அந்த நாய் மாண்டு எத்தனையோ யுகமாகிவிட்டது. அதன் கட்டி மட்டும் நாய் விட்டு நாய் தாவி இன்னும் உயிரோடிருக்கிறது!

இதன் அடையாளங்கள் என்ன? நாயின் பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். பெட்டை நாயாக இருந்தால், பருவத்துக்கு வந்திருக்கிறது என்று எண்ணி விட்டுவிடுவார்கள். பருவ ரத்தம் சில வாரங்களில் நின்றுவிடும், இதுவோ நிற்காது. ஆண் நாயாக இருந்தால் மூத்திரக் கோளாறு என்று நினைப்பார்கள். உள்ளே பார்த்தால் பூக்கோசு போலச் சிவந்த, எளிதில் உதிரும் சதை தெரியும். மூக்கில் வந்தால் ஓயாத தும்மலும் மூக்கிலிருந்து ரத்தமும் வரும்.

"சார், இது எங்களுக்கும் ஒட்டுமா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒட்டாது. மனிதருக்கும் வராது, பூனைக்கும் வராது. ஆனாலும் புண்ணைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வாசலில் பூத்த மருந்து

லயத்து வாசலிலும் கோயில் ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் குலுங்கும் ஒரு செடியை நாம் எல்லோரும் அறிவோம். வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஐந்து இதழோடு ஆண்டு முழுவதும் பூக்கும். நாம் அதை நித்திய கல்யாணி என்கிறோம். சிலர் சுடுகாட்டு மல்லி என்பார்கள். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

இந்தச் செடி நீரிழிவுக்கு நல்லது என்று பல நாடுகளில் நாட்டு வைத்தியமாகக் குடித்துவந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க 1950-களில் ஜமைக்காத் தீவிலிருந்து கனடாவுக்கு இலைகள் அனுப்பப்பட்டன. அங்கே ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, சர்க்கரை குறைவதற்குப் பதிலாக வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். வெள்ளை அணுக்கள் அளவு மீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்று! அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து புற்றுநோய்க்கு ஒரு மருந்து பிறந்தது. அதே செடியிலிருந்து அடுத்து எடுக்கப்பட்டது வின்கிறிஸ்டின். 1963-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றளவும் அது ஒரு முக்கிய மருந்து. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இச்செடியை மருந்துக்காகவே வயலில் பயிரிடுகிறார்கள்.

அதே வின்கிறிஸ்டின்தான் நாம் மேலே சொன்ன நாய்ப் புற்றுக்கும் கைகண்ட மருந்து. வாரத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாயில் ஊசி போடுகிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு நான்கு முதல் ஆறு ஊசி போதும். சிலவற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். இரண்டு மூன்று ஊசியிலேயே கட்டி சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். பத்தில் ஒன்பது நாய்க்கு மேல் முழுக் குணமடைகின்றன. ரத்தம் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் கட்டி மீண்டும் தலையெடுக்கும். கட்டி முற்றாக மறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை விடக்கூடாது.

ஓர் எச்சரிக்கை. நித்திய கல்யாணியைப் பறித்துக் கஷாயம் வைத்து நாய்க்கோ மனிதருக்கோ கொடுத்துவிடாதீர்கள்! செடியில் நஞ்சும் இருக்கிறது. ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். சுத்தப்படுத்திய மருந்துகூட ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையை அழித்துவிடும். அதனால்தான் பழகிய கை போட வேண்டிய ஊசி இது. ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்தப் பரிசோதனை செய்து வெள்ளை அணுக்கள் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஊசி போட்ட இரண்டு மூன்று நாட்களுக்கு நாயின் மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை அணிந்தே அப்புறப்படுத்த வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் போகாதிருப்பது நலம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கால்நடை மருத்துவர் முதலில் கட்டியின் அளவையும், அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் தடவிப் பார்ப்பார். பிறகு சாதாரண ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில உயிரணுக்களை உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். நாய்க்கு இது ஒரு தடுப்பூசி போட்ட அளவுதான் வலிக்கும். பால்வழிப் பரவும் கட்டியானால் வட்ட வட்டமான உயிரணுக்களும் அவற்றுக்குள் நீர்க்குமிழிகள் போன்ற வெற்றிடங்களும் தெரியும்.

ஊசியில் விளங்காவிட்டால் கட்டியின் ஒரு சிறு துண்டை அறுத்தெடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த முடிவு வரச் சில நாட்களாகும். நோய் பரவியிருக்கிறதா என்று அறிய நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் வயிற்றுக்கு ஸ்கேனும் எடுப்பதுண்டு.

அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் தனியார் கால்நடைக் கிளினிக்குகள் இருக்கின்றன. கால்நடைச் சேவை இலாகாவின் மாநில அலுவலகம் அலோர் ஸ்டாரில் உண்டு. மாவட்டங்களிலும் அதன் அலுவலகங்கள் உண்டு. மிகவும் சிக்கலான நோயென்றால் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

பெட்டை நாயின் மடிக்கட்டி

கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயதாகும்போது அடிக்கடி வருவது மடிக்கட்டி. நாய்க்குப் பொதுவாக ஐந்து ஜோடி முலைக்காம்புகள் இருக்கும். அவற்றின் அருகே பயறு அளவில் தொடங்கி எலுமிச்சை அளவுக்கு வளரும். ஏறக்குறையப் பாதிக் கட்டிகள் புற்றாகவே இருக்கும். இதற்கு அறுவை சிகிச்சைதான் முதல் வைத்தியம். பயறாக இருக்கும்போது அறுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எலுமிச்சையாகும்வரை காத்திருந்தால் குறைவு.

இதைத் தடுக்கவும் வழியுண்டு. முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை அறுவை செய்த நாய்களுக்கு இக்கட்டி வருவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று 1969-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. ஒவ்வொரு பருவம் கடக்கும்போதும் அந்தப் பாதுகாப்புக் குறைந்துகொண்டே போகிறது.

இன்னொரு வகை, நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்று. தாடைக்குக் கீழே, தோள் முன்னே, பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னே கோலிக்குண்டு போல வீங்கும். வலியிராது, நாயும் முதலில் சுறுசுறுப்பாகவே இருக்கும். பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பெரும்பாலான நாய்களில் இதை அடக்கிவைக்கிறார்கள். முற்றாகக் குணமாவது அரிது.

பூனையின் நிலை வேறு

பூனைக்குக் கட்டி வருவது நாயை விடக் குறைவு. ஆனால் வந்தால் பெரும்பாலும் பொல்லாதது. பூனையின் மடிக்கட்டிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் புற்றாகவே இருக்கின்றன. ஆகவே பூனையின் மடியில் ஒரு மிளகளவு கட்டி தென்பட்டாலும் அந்த வாரமே காட்ட வேண்டும். குட்டி போடாமலிருக்கச் சிலர் பூனைக்கு ஹார்மோன் ஊசி போட்டுவருகிறார்கள். அந்த ஊசி மடிப் புற்றுக்கு வழிவகுக்கும் என்பது தெரிந்த விஷயம். அதைவிட ஒரே தடவை கருத்தடை அறுவை செய்துவிடுவது பாதுகாப்பானது.

வெள்ளைப் பூனை வைத்திருப்பவர்கள் அதன் காது நுனியையும் மூக்கையும் கவனியுங்கள். நம் நாட்டு வெயில் கடுமையானது. வெள்ளைத் தோலில் வெயில் பட்டுப் பட்டு, முதலில் சிவக்கும். பிறகு பொருக்குத் தட்டும். பிறகு ஆறாத புண்ணாகும். சண்டையில் பட்ட காயம் என்று நினைத்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தால் காதையே தின்றுவிடும். தொடக்கத்திலேயே காது நுனியை அறுத்தெடுத்துவிட்டால் பூனை பல ஆண்டு வாழும். உச்சி வெயிலில் வெள்ளைப் பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதே தடுப்பு.

பூனைகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் ஒரு கிருமியும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரட் என்ற கால்நடை மருத்துவர் 1964-இல் அதைக் கண்டுபிடித்தார். எச்சில் வழியாகப் பூனைக்குப் பூனை பரவும். மனிதருக்கு வராது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

செய்யக் கூடாதவை

கட்டியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, சுண்ணாம்பு தடவுவது, சூடு வைப்பது, நூலால் இறுக்கிக் கட்டுவது ஆகியவை எல்லாம் கொடுமை. புற்று போகாது, புண்தான் பெருகும்.

வலிக்கிறதே என்று பூனைக்குப் பனடோல் மாத்திரை கொடுக்கவே கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மனிதர் சாப்பிடும் மற்ற வலி மாத்திரைகளும் நாய், பூனைகளுக்கு ஆபத்தானவை.

வாயில் எச்சில் வடிந்தால் வாய்க் கட்டியாக இருக்கலாம் என்று கையை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறந்துவிடலாகாது. வாயைத் திறந்து பார்ப்பது மருத்துவர் வேலை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள், புது வீட்டில் நாய் வளர்க்க இடமில்லை என்று லயத்திலேயே விட்டுச் செல்வதையும் பார்க்கிறோம். நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் வரமாட்டேன் என்று நின்ற தருமர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிற சமூகம் நாம்! அடுக்குமாடிக்குப் போவதற்கு அதே நாயை நடுக்காட்டில் விடலாமா? நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி பிராணிகளைத் துன்புறுத்துவோருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பிரிட்டனில் ஒரு காலத்தில் இந்த ஒட்டும் புற்று பரவலாக இருந்தது. தெருநாய்களைக் கட்டுப்படுத்திய பிறகு அது அந்நாட்டு நாய்களிடமிருந்து மறைந்துவிட்டது. தனியாக ஒரு தடுப்பூசியும் தேவைப்படவில்லை. கருத்தடையும் கட்டிவைத்து வளர்ப்பதும் இங்கும் அதே பலனைத் தரும்.

செலவும் மனமும்

"அரிசி வாங்கவே யோசிக்கிற நேரத்தில் நாய்க்கு வைத்தியமா?" என்று ஒரு தாய் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வின்கிறிஸ்டின் பழைய மருந்து. புதிய புற்று மருந்துகளைப் போலக் கொள்ளை விலை இல்லை. ஆனாலும் ரத்தப் பரிசோதனை, ஊசி, போக்குவரத்து என்று ஒவ்வொரு வாரமும் கைப்பணம் கரையும். ஆகவே முதல் நாளே மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: "இது என்ன வகை? குணமாகுமா? மொத்தம் எவ்வளவு ஆகும்? வாரா வாரம் கட்டலாமா?" குணமாகும் நோய்க்குச் செலவழிப்பது வேறு, குணமாகாத நோயில் கடன் படுவது வேறு. இந்த வேற்றுமையை அறியத்தான் முதல் சோதனை.

நோய் முற்றி நுரையீரல் வரை பரவியிருந்தால், மருத்துவர் வலிக்கு மருந்து கொடுத்துச் சில காலம் வைத்துப் பார்க்கச் சொல்வார். உணவிறங்காமல், மூச்சு விட முடியாமல் துடிக்கும் நிலை வந்தால் ஊசி போட்டு வலியில்லாமல் உறங்கவைப்பதும் உண்டு. அது பாவம் என்று சிலர் மனம் குழம்புகிறார்கள். புழு நெளியும் புண்ணோடு காட்டில் கிடந்து சாவதைக் காட்டிலும், பழகிய கை தலையைத் தடவ அமைதியாகக் கண்மூடுவது அந்த ஜீவனுக்கு நல்லது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம்

சம்பளம் போடும் நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று நாயையும் பூனையையும் பக்கத்தில் அழைத்து, தலையிலிருந்து வால்வரை மெதுவாகத் தடவிப் பாருங்கள். தாடைக்குக் கீழ், தோள், அக்குள், மடி, முழங்காலுக்குப் பின்புறம், வாலுக்கு அடிப்புறம் ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். கட்டி தென்பட்டால், ஐந்து சென் காசளவா, இருபது சென் காசளவா என்று பார்த்துச் சுவரிலுள்ள காலண்டரில் குறித்துவையுங்கள். எந்தத் தேதியில் கண்டீர்கள் என்பது மருத்துவருக்குப் பெரிதும் பயன்படும்.

வளர்ந்துகொண்டே போகும் கட்டி, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், நிற்காத ரத்தக் கசிவு, காரணமில்லாத மெலிவு, வாய் நாற்றம், விழுங்கச் சிரமம், தீராத நொண்டல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதம் வேண்டாம். மடியில் கட்டியென்றால் காத்திருக்கவே வேண்டாம்.

சோறு கேட்டு வாலாட்டத் தெரிந்த ஜீவனுக்கு, "எனக்கு இங்கே வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. அதைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது வளர்க்கிற நம் கைதான். கட்டி கண்டால் சாக்குப் பையைத் தேடாதீர்கள்; மருத்துவரைத் தேடுங்கள்.